கடை எந்த எல்லைக்குள் வந்தாலும் பங்கு: பக்கத்து நகராட்சிகள் சேர்ந்து வணிகம் வளர்க்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கிக் குடியிருக்கும் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊரில் பல வருஷமாக இருந்த பெரிய கடை மூடிவிட்டது. இரண்டு மைல் தள்ளி, அடுத்த நகராட்சி எல்லைக்குள் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நகராட்சி வரிச் சலுகை கொடுத்து இழுத்ததாம். இப்போது எங்கள் நகராட்சியும் காலி இடத்துக்கு வேறு கடை பிடிக்கச் சலுகை கொடுக்கப் போகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இப்படி அடித்துக்கொள்ளாமல், சேர்ந்து கடைகளை அழைக்க முடியாதா? எங்கேயாவது நடந்திருக்கிறதா?"

முடியும். நடந்தும் இருக்கிறது. ஆனால் கடை எந்த மூலைக்கு வரும் என்று தெரிவதற்கு முன்னாலேயே வரிப் பணத்தின் பங்கைப் பேசி எழுதிக்கொண்ட ஊர்கள்தான் கடைசிவரை சேர்ந்து நின்றிருக்கின்றன. மற்ற ஊர்களில் மேயர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, நிலம் விடுகிறவர் நாற்று நடும் முன்பே பங்கைப் பேசிக்கொள்வார். நெல் களத்தில் குவிந்த பிறகு பேச ஆரம்பித்தால் அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை வரும். இங்கும் அதே கதைதான்.

நான் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஒரு சிறு நகராட்சியின் நிதிப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். மாநில வருவாய்த் துறையிலிருந்து மாதா மாதம் விற்பனை வரிக் கணக்கு வரும். அதைத் திறந்ததும் என் கண் முதலில் போவது ஒரே ஓர் இடத்துக்குத்தான்: நெடுஞ்சாலை ஓரம் இருந்த அந்தப் பெரிய கடையின் வரி. எங்கள் பட்ஜெட்டை அந்த ஒரு கடைதான் தாங்கிக்கொண்டிருந்தது. அது அடுத்த ஊருக்குப் போன வருஷம் நீச்சல் குளம் திறந்திருக்கும் நாட்களைக் குறைத்தோம், காலியான போலீஸ் இடங்களை நிரப்பாமல் விட்டோம். கடையில் வேலை பார்த்தவர்களும் வாடிக்கையாளர்களும் அதே ஆட்கள்தான். இரண்டு மைல் கூடுதலாகக் கார் ஓட்டினார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு வித்தியாசம். நகராட்சிக்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது.

இது ஏன் என்று புரிய, அங்கே பணம் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் துணிக்கடை எந்த நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. நகராட்சிக்குச் சொத்து வரியும் தொழில் வரியும்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் விற்பனை வரியின் ஒரு பகுதி, விற்பனை நடந்த ஊரின் நகராட்சிக்கே நேராகப் போய்ச் சேரும். நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் அதில் ஒரு டாலரோ அதற்கு மேலோ, கல்லா எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஊருக்கு. வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும், அவர் வந்த சாலை பக்கத்து ஊர்ச் சாலையாக இருந்தாலும், வரி கல்லா இருக்கும் ஊருக்கே.

கலிபோர்னியாவில் இது இன்னும் கூர்மையானது. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. சொத்தின் வரி மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கட்டினால் நகராட்சிக்கு வருமானம் சொற்பம், ஆனால் போலீஸ், சாலை, தீயணைப்பு என்று செலவு நிறைய. கடை கட்டினாலோ செலவு குறைவு, விற்பனை வரி உடனே கைக்கு வரும். எந்தக் கவுன்சில்தான் வீடு வேண்டும் என்று சொல்லும்? நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தையெல்லாம் கார் ஷோரூமுக்கும் பெரிய கடைகளுக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

1990களில் வென்ச்சுரா, ஆக்ஸ்நார்ட் என்ற இரண்டு ஊர்களுக்குள் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நடுவில் சாண்டா கிளாரா ஆறு, அந்தப் பக்கம் ஒரு மால், இந்தப் பக்கம் ஒரு மால். வென்ச்சுரா தன் மாலை விரிவாக்க, வரப்போகும் விற்பனை வரியிலேயே ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது. ஆக்ஸ்நார்டின் எஸ்பிளனேட் மாலில் இருந்த சியர்ஸ், ராபின்சன்ஸ்-மே என்ற இரண்டு பெரிய கடைகளும் ஆற்றைத் தாண்டிப் போயின. எஸ்பிளனேட் மாலைப் பிறகு இடித்துவிட்டு, திறந்தவெளிக் கடைத்தொகுதியாகக் கட்டினார்கள். இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே பகுதியாகப் பார்த்தால், மக்கள் செலவழித்த பணம் அதேதான். கடை மட்டும் இடம் மாறியது. மாறியதற்குக் கூலியாகப் பொதுப்பணம் போனது.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் வேலை பார்த்த செயின்ட் லூயிஸ் பகுதியை விட நல்ல உதாரணம் இல்லை. 1876-இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன் கவுன்டியிலிருந்து தனியாகப் பிரிந்துகொண்டது. நகருக்கு வெளியே மிஞ்சிய கவுன்டியில் இன்று 90-க்குச் சற்றுக் குறைவான நகராட்சிகள். சிலவற்றில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஒரே சாலையில் பத்து நிமிஷம் கார் ஓட்டினால் நாலைந்து ஊர்களைத் தாண்டிவிடலாம். எல்லை தெரிவது தெருப்பெயர்ப் பலகையின் நிறம் மாறுவதிலும், கடை ரசீதிலும்தான்.

அந்த ரசீதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாநில வரி, கவுன்டி வரி, ஊர் வரி எல்லாம் சேர்ந்த மொத்த விகிதம் ஒரு கடைத்தொகுதியில் ஒரு மாதிரி, சாலைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி இருக்கும். காரணம், மிசூரி சட்டப்படி ஒரு கடைத்தொகுதியைச் சுற்றி மட்டும் கோடு போட்டு 'போக்குவரத்து மேம்பாட்டு மாவட்டம்' என்று அறிவித்து, அங்கே வாங்குகிறவர்களிடம் 1 சதவீதம் வரை கூடுதல் விற்பனை வரி வசூலிக்கலாம். பார்க்கிங், நுழைவுச் சாலை, சிக்னல் ஆகிய செலவுகளுக்கு அந்தப் பணம் போகும். பால் வாங்க வந்தவர், தான் கார் நிறுத்திய இடத்துக்கான கட்டுமானச் செலவையும் கட்டிவிட்டுப் போகிறார்.

இதைவிடப் பெரியது 'டிஃப்' என்று அங்கே எல்லோரும் சொல்லும் ஏற்பாடு. ஒரு பகுதியைச் சீரழிந்த பகுதி என்று நகராட்சி அறிவிக்கும். அங்கே புதுக் கடை வந்து சொத்து வரி கூடினால், கூடிய பகுதி முழுவதும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகாமல் டெவலப்பரின் செலவை அடைக்கப் போகும். விற்பனை வரியில் கூடியதிலும் பாதி அதே வழியில். மிசூரியில் இது 23 வருஷம் வரை ஓடலாம். சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: இந்த உதவி இல்லாவிட்டால் இந்த இடம் வளரவே வளராது என்று காட்ட வேண்டும். நல்ல வருமானக்காரர்கள் வசிக்கும் டெ பெரஸ் என்ற ஊரில், ஓடிக்கொண்டிருந்த வெஸ்ட் கவுன்டி மாலையே 1997-இல் சீரழிந்தது என்று அறிவித்தார்கள். அதை இடித்துப் பெரிதாகக் கட்டி நார்ட்ஸ்ட்ராம் கடையைக் கொண்டு வருவதற்காக! ஏழை மக்களின் இடிந்த தெருக்களைத் தூக்கி நிறுத்த எழுதிய சட்டம் இது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

செயின்ட் ஆன் என்ற சிறு ஊரையும் சொல்ல வேண்டும். அங்கே 1965-இல் திறந்த நார்த்வெஸ்ட் பிளாசா அந்த வட்டாரத்தின் பெரிய மால்களில் ஒன்று. ஊரே அதை நம்பி இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி 2010-இல் மூடப்பட்டது. அதே சமயத்தில், பக்கத்து ஊரான பிரிட்ஜ்டன் சுமார் 70 லட்சம் டாலர் 'டிஃப்' உதவியோடு ஒரு வால்மார்ட் சூப்பர்சென்டருக்கு வழிவிட்டது. செயின்ட் ஆனில் ஏற்கெனவே இருந்த வால்மார்ட் இரண்டு மைல் தள்ளி அங்கே இடம்பெயர்ந்தது. கேள்வி கேட்டவர் ஊரில் நடந்தது அப்படியே இதுதான்.

பகுதி முழுவதற்குமான கணக்கும் இருக்கிறது. மிசூரி, இல்லினாய் இரண்டு பக்க நகராட்சிகளும் உறுப்பினராக இருக்கும் ஈஸ்ட்-வெஸ்ட் கேட்வே கவுன்சில் 2011 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் இருபது வருஷத்தில் 580 கோடி டாலருக்கும் மேல் பொது வரிப்பணம் இப்படித் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. டிஃப், போக்குவரத்து மாவட்டம் ஆகியவற்றில் பெரும்பகுதி சில்லறைக் கடைகளுக்கே போயிருக்கிறது. இத்தனைக்கும் பகுதி முழுவதும் சில்லறைக் கடை வேலைகள் கூடியது சுமார் 5,400 மட்டுமே. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் தலைக்கு ஆகும் சில்லறை விற்பனை ஏறவே இல்லை. எப்படி ஏறும்? கடை யாருக்கும் புதிதாகச் சம்பளம் கொண்டு வருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற சம்பளத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் வருகிறது. தொழிற்சாலை வந்தால் வெளியூர்ப் பணம் உள்ளே வரும், அது வேறு. கடையை அதே மாதிரி நினைத்துச் சலுகை கொடுப்பதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

தோற்ற ஊர்கள் என்ன செய்தன என்பதையும் மறைக்கக் கூடாது. வருமானம் குறைந்த சிறு நகராட்சிகளில் சில, போக்குவரத்து அபராதத்தின் மேல் சாய்ந்தன. 2014-இல் இதே கவுன்டியின் ஃபெர்குசன் என்ற ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2015 மார்ச்சில் வந்த மத்திய நீதித் துறை அறிக்கை, நகராட்சி தன் வருமானத்துக்காகப் போலீஸையும் நீதிமன்றத்தையும் பயன்படுத்தியதை விவரமாகச் சொன்னது. அதே வருஷம் மிசூரி சட்டமன்றம் அபராத வருமானத்துக்கு வரம்பு போட்டது. ஃபெர்குசனில் நடந்ததற்கு ஆழமான காரணங்கள் வேறு உண்டு. ஆனால் கல்லாப்பெட்டியை நம்பி ஓடும் நகராட்சி, கல்லா காலியானால் யார் பையில் கை வைக்கும் என்ற கேள்வியை அந்தக் கவுன்டியில் இருந்த எங்களால் ஒதுக்க முடியவில்லை.

சரி, சேர்ந்து செய்த கதைகளுக்கு வருகிறேன்.

செயின்ட் லூயிஸ் கவுன்டியிலேயே ஒரு பகிர்வு இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1970களின் பிற்பகுதியில் கவுன்டி முழுவதற்கும் 1 சதவீத விற்பனை வரி வந்தபோது, நகராட்சிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகை, தன் எல்லைக்குள் விற்றதற்கான வரியைத் தானே வைத்துக்கொள்ளும். இன்னொரு வகை, எல்லாவற்றையும் ஒரு பொதுத் தொகையில் போட்டு, மக்கள்தொகைப்படி பிரித்துக்கொள்ளும். கடை இல்லாத ஊர்கள் எல்லாம் பொதுத் தொகையில் சேர்ந்தன, கடை உள்ள ஊர்கள் தனியே நின்றன. 1990களில் தனியே நிற்பவர்களும் கொஞ்சம் பகிர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

இதில் மாட்டிக்கொண்டது செஸ்டர்ஃபீல்ட். 1988-இல் நகராட்சியானபோது பொதுத் தொகையில் சேர்ந்த ஊர். 1993 பெருவெள்ளத்தில் மிசூரி ஆறு கரையை உடைத்துக்கொண்டு அந்த ஊரின் கம்போ ஃபிளாட்ஸ் தாழ்நிலத்தை மூழ்கடித்தது. பிறகு கரையை உயர்த்தி, அதே நிலத்தில் மைல் கணக்கில் நீளும் கடைத்தொகுதி கட்டினார்கள். 2013 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், இரண்டு அவுட்லெட் மால்கள் போட்டி போட்டுக்கொண்டு அங்கே திறந்தன. இவ்வளவு வரி தன் எல்லைக்குள் விளைந்தும் பெரும்பகுதி பொதுத் தொகைக்குப் போகிறதே என்று 2014-இல் செஸ்டர்ஃபீல்ட் வழக்குப் போட்டது. கடைசியில் 2016-இல் சட்டமன்றம், பொதுத் தொகையில் இருக்கும் ஊருக்கும் அதன் எல்லைக்குள் விளைந்ததில் பாதியாவது கிடைக்க வேண்டும் என்று மாற்றியது. செஸ்டர்ஃபீல்ட் பேராசைக்காரர்கள் என்று அப்போது பேசியவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளக் கரைக்கும் சாலைக்கும் பொறுப்பேற்ற ஊர், தன் பங்கு என்ன என்று கேட்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் பொதுவில் போடு என்றால் விளைவிக்கிறவருக்கு ஆர்வம் போய்விடும். எல்லாம் எனக்கே என்றால் பக்கத்து ஊர் பட்டினி. நடுவில் ஒரு விகிதம் வேண்டும், அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விகிதத்தைச் சரியாகப் பிடித்தது மினசோட்டா என்பது என் கருத்து. மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சுற்றி ஏழு கவுன்டிகள். 1971-இல் சார்லஸ் வீவர் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் சொல்வது இது: 1971-க்குப் பிறகு உன் ஊரில் கடை, அலுவலகம், ஆலை என்று வணிகச் சொத்தின் வரி மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அதில் 40 சதவீதம் பொதுத் தொகைக்கு. 60 சதவீதம் உனக்கு. பொதுத் தொகையை மக்கள்தொகைப்படியும், தலைக்குச் சொத்து மதிப்பு குறைந்த ஊருக்குக் கூடுதலாகவும் பிரிப்பார்கள்.

இதில் இரண்டு புத்திசாலித்தனங்கள். முதலாவது, ஏற்கெனவே இருந்ததில் யாரும் கை வைக்கவில்லை. 1971 வரை நீ சேர்த்தது உன்னுடையது, இனி வளர்வதில்தான் பங்கு. கையில் இருப்பதைக் கொடு என்று எந்தக் கவுன்சிலிடமும் கேட்டுப் பாருங்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். இன்னும் வராததில் பங்கு கேட்டால் யோசிப்பார்கள். இரண்டாவது, அன்று எந்த ஊர் பெரிதாக வளரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கொடுக்கிறவனாக இருப்போமா வாங்குகிறவனாக இருப்போமா என்று தெரியாத இடத்தில்தான் நியாயமான பங்கு பேச முடியும். இருந்தாலும் எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளவில்லை. வளர்ந்துகொண்டிருந்த பர்ன்ஸ்வில் வழக்குப் போட்டது. 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1975 வரியிலிருந்து பகிர்வு ஓட ஆரம்பித்தது, இன்றுவரை ஓடுகிறது.

ப்ரூக்லின் சென்டர் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் திறந்த ப்ரூக்டேல் மால் அந்த ஊரின் பெருமை. ஒவ்வொரு கடையாகப் போய், 2010-இல் மால் மூடப்பட்டது, பெரும்பகுதியை இடித்தார்கள். செயின்ட் ஆனுக்கு வந்த அதே அடிதான். ஆனால் இந்த ஊருக்குப் பொதுத் தொகையிலிருந்து பங்கு வந்துகொண்டிருந்தது. தான் போடுவதைவிட அதிகம் வாங்கும் ஊர்களில் ப்ரூக்லின் சென்டரும் ஒன்று. அடுத்த ஊர்களில் கடை வளர்ந்தால் அதில் இவர்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும். அடி பலம்தான், ஆனால் தாங்கிக்கொள்ள ஒரு தோள் இருந்தது.

எதிர்ப்பக்கம் ப்ளூமிங்டன். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகள் காலி செய்துவிட்டுப் போன பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் 1992 ஆகஸ்ட் 11-இல் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தது. அந்த மாலுக்கு வரும் நெடுஞ்சாலை வேலைகளுக்கு வாங்கிய கடனைச் சமாளிக்க, ப்ளூமிங்டன் பொதுத் தொகையிலிருந்து கூடுதல் பணம் பெற்று, 2000-க்குப் பிறகு பத்து வருஷத்தில் திருப்பிக் கட்டியது. அதாவது மால் எழ எல்லா ஊர்களும் தோள் கொடுத்தன, எழுந்த மாலின் வளர்ச்சியில் எல்லா ஊர்களுக்கும் பங்கு. சேர்ந்து கடையை அழைப்பது என்றால் எனக்கு நினைவுக்கு வரும் முதல் படம் இதுதான். பிறகு 2013-இல், மாலின் விரிவாக்கத்துக்காக, அது பொதுத் தொகைக்குப் போட வேண்டியதைப் ப்ளூமிங்டனே வைத்துக்கொள்ளச் சட்டமன்றம் அனுமதித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கைக்கு விலக்கு கொடுத்தால் சின்னக் கைகளும் நாளைக்கு விலக்கு கேட்கும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மினசோட்டாவில் பகிர்வது சொத்து வரியின் அடிப்படையை, விற்பனை வரியை அல்ல. அப்புறம், 60 சதவீதம் சொந்த ஊருக்கே என்பதால் போட்டி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. சலுகை கொடுக்கிற ஊர்கள் அங்கேயும் உண்டு. போட்டியின் சூடு குறைந்தது, தோற்றவர் விழுந்து நொறுங்காமல் இருந்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மாநிலம் முழுவதும் சட்டம் வரும் என்று காத்திருக்காமல் ஊருக்கு ஊர் ஒப்பந்தம் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஓஹாயோவின் ஆக்ரன் நகரம் ரப்பர் டயர் தொழிலில் பெயர் வாங்கியது. 1960-இல் 2.9 லட்சம் பேர், 2020-இல் 1.9 லட்சம். மக்களும் கடைகளும் வெளியே இருக்கும் டவுன்ஷிப்புகளுக்கு, அதாவது நகர எல்லைக்கு வெளியே உள்ள சிறு உள்ளாட்சிகளுக்கு, போய்விட்டன. ஆனால் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் நகரத்தின் கையில். டவுன்ஷிப்புகளுக்கோ நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. நகரம் தங்களை விழுங்கி இணைத்துக்கொள்ளும் என்ற பயம் வேறு. ஓஹாயோ சட்டப்படி டவுன்ஷிப் வருமான வரி போட முடியாது, நகரம் போடலாம். 1994-இல் காப்லி, கவென்ட்ரி, ஸ்பிரிங்ஃபீல்ட் டவுன்ஷிப்புகளோடு ஆக்ரன் கூட்டு வளர்ச்சி மாவட்டங்கள் அமைத்தது. நகரம் தண்ணீரும் குழாயும் தரும், இணைக்க மாட்டேன் என்று எழுதித் தரும். அந்த மாவட்டத்துக்குள் வேலை செய்பவர்களின் சம்பளத்தின் மேலும் வியாபாரத்தின் லாபத்தின் மேலும் வருமான வரி வசூலாகும். சொத்து வரி டவுன்ஷிப்புக்கே. 1998-இல் பாத் டவுன்ஷிப்பும் ஃபேர்லானும் சேர்ந்த இன்னொரு ஒப்பந்தம் வந்தது. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் கடை வரும். பண்டமாற்று என்பதால் இரண்டு பக்கமும் வாக்கைக் காப்பாற்றக் காரணம் இருந்தது.

கொலராடோவில் டென்வருக்கு வடக்கே, ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர், கிழக்கே தார்ன்டன். இரண்டு ஊர்களும் 1986-இலேயே, அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இனி வளரும் வணிகத்தின் வரியைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அப்போது அங்கே பெரும்பாலும் வயல்கள். பிறகு நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் இணைப்புகளுக்கான செலவையும் சேர்ந்து பார்த்தார்கள். 2008-இல் மேற்குப் பக்கம் ஆர்ச்சர்ட் டவுன் சென்டர் வந்தது, 2018-இல் கிழக்குப் பக்கம் டென்வர் பிரீமியம் அவுட்லெட்ஸ். வயலாக இருக்கும்போதே பேசிக்கொண்டது எவ்வளவு உதவியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கலிபோர்னியா பிற்பாடு பாடம் கற்றது. முன்பு இரண்டு ஊர்கள் விற்பனை வரியைப் பகிர வேண்டுமானால் வாக்காளர்களிடம் போக வேண்டும். 1998-இல் நிறைவேறிய 11-ஆம் முன்மொழிவு, இரண்டு கவுன்சில்களும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் ஒப்புக்கொண்டால் போதும் என்று மாற்றியது. 1999-இல் வந்த சட்டம், ஒரே சந்தைப் பகுதிக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம்பெயரும் பெரிய கடைக்கோ கார் டீலருக்கோ நகராட்சி பணஉதவி செய்வதைக் கட்டுப்படுத்தியது. 2002-இல் டேரல் ஸ்டைன்பர்க் என்ற சட்டமன்ற உறுப்பினர், சாக்ரமென்டோ பகுதி முழுவதற்கும் விற்பனை வரியின் வளர்ச்சியைப் பகிரும் மசோதா கொண்டுவந்தார். கீழவையில் தேறியது, செனட்டில் செத்தது. ரோஸ்வில் போன்ற, ஏற்கெனவே கடைகள் குவிந்திருந்த புறநகர்கள் கடுமையாக எதிர்த்தன. நெல் களத்தில் குவிந்த பிறகு பேசப்பட்ட பங்கு அது.

இனி உங்கள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கடைக்காரர் வரைபடத்தில் நகராட்சி எல்லை இருக்காது. மூன்று மைல், ஐந்து மைல், பத்து மைல் சுற்றளவில் எத்தனை குடும்பங்கள், என்ன வருமானம், சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை கார் என்றுதான் பார்ப்பார். பத்தாயிரம் பேர் இருக்கும் ஊர் தனியாகப் போய் நின்றால் அவருக்கு ஆர்வம் வராது. பக்கத்து நாலு ஊர்களும் ஒரே புள்ளிவிவரம், ஒரே காலி நிலப் பட்டியல், கட்டட அனுமதிக்கு ஒரே மாதிரி விதிகள் என்று போனால் அறுபதாயிரம் பேர் சந்தையாகத் தெரியும். மே மாதத்தில் லாஸ் வேகாஸில் நடக்கும் கடைத்தொகுதித் தொழில் மாநாட்டுக்குச் சிறு நகராட்சிகள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம்.

ஆனால் அதற்கு முன் ஒப்பந்தம் வேண்டும். அதில் நான் வற்புறுத்துவது சில விஷயங்கள்தான். இன்றைய வரியைத் தொடாதீர்கள், ஒரு அடிப்படை வருஷம் வைத்து அதற்கு மேல் வளர்வதில் மட்டும் பங்கு. கடை நிற்கும் ஊருக்குப் பெரிய பங்கு போகட்டும், ஏனென்றால் நெரிசலும் போலீஸ் அழைப்புகளும் அந்த ஊருக்குத்தான். ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம்பெயரும் கடைக்குச் சலுகை கிடையாது என்று எழுதுங்கள். அப்படியும் தானாகப் போனால், இழந்த ஊருக்குச் சில வருஷம் குறைந்துகொண்டே போகும் ஈட்டுத்தொகை. வெளியேற ஒரு வருஷமாவது முன்னறிவிப்பு. தேர்தலில் கவுன்சில் மாறினாலும் ஒப்பந்தம் நிற்க வேண்டும், ஆகவே தீர்மானமாக விட்டுவிடாமல் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் சேருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. இடம்பெயரும் பெரிய கடைகள் சில, விட்டுப்போகும் கட்டடத்தின் பத்திரத்திலோ குத்தகையிலோ 'இங்கே மளிகை விற்கக் கூடாது' என்பது போன்ற நிபந்தனை போட்டுவிட்டுப் போகும். போட்டிக்கடை வரக்கூடாது என்பதற்காக. அந்தக் கட்டடம் வருஷக் கணக்கில் இருட்டாக நிற்கும். ஒரு ஊர் தனியாகக் கேட்டால் கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். புதுக் கடைக்கு அனுமதி தரும் ஊரே, 'பழைய கட்டடத்தில் அந்த நிபந்தனை கூடாது, அப்போதுதான் இங்கே அனுமதி' என்று சொன்னால் கேட்பார். பக்கத்து ஊருக்காக நம் ஊர் அப்படிச் சொல்லுமா என்பதுதான் ஒத்துழைப்புக்கு உண்மையான பரீட்சை.

ஆன்லைன் வியாபாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் கடை இல்லாத ஆன்லைன் விற்பனையாளரிடமும் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்றது. மிசூரி இதற்குச் சட்டம் போட்டது 2021-இல்தான், நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 1-இல், விற்பனை வரி உள்ள மாநிலங்களிலேயே கடைசியாக. அதிலும் ஊருக்குரிய பங்கு வேண்டுமானால் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சாமான் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது கல்லா எந்த எல்லைக்குள் இருக்கிறது என்ற பழைய கேள்வியின் எடை குறைகிறது. இருபது வருஷம் திருப்பிக் கட்ட வேண்டிய சலுகையைப் பெரிய கடைக்கு எழுதிக் கொடுக்கும் கவுன்சில், இருபது வருஷம் அந்தக் கடை இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறது. நான் கட்ட மாட்டேன்.

உங்கள் நகராட்சி சலுகை கொடுக்கப் போகிறது என்றீர்கள். பொதுவாக அதற்கு முன் பொது விசாரணை நடக்கும், தேதி கவுன்சில் அறிவிப்பில் வரும். பெரும்பாலும் வார நாள் இரவு ஏழு மணிக்கு, பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். போய், பெயர் கொடுத்து, மூன்று நிமிஷம் பேசுங்கள். இந்தக் கடையின் விற்பனையில் எவ்வளவு பக்கத்து ஊர்க் கடைகளிலிருந்து பறிப்பது, எவ்வளவு புதியது என்று கேளுங்கள். பள்ளி மாவட்டம் இழக்கும் தொகை என்ன என்று கேளுங்கள். பக்கத்து ஊர் மேயரோடு பேசினீர்களா, பேசியிருந்தால் எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நான் நிதிப் பிரிவு மேஜையில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் மூன்றாவது கேள்வியை எந்தக் குடிமகனும் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இருந்திருக்காது.